ஏழாம் கேட்

கால்பந்து மனிதகுலத்தையே ஒரே கூரையின் கீழ் சேர்க்கிறது என்றார் ரசிகர் ஆய்வுத்துறைப் பேராசிரியர் குலோத்துங்கன். ஆட்டம் முடிந்ததும் அந்தக் கூரைக்குப் பூட்டு விழும் என்பது ஸ்டேடியத்தின் ஏழாம் கேட்டருகே படுத்துறங்கும் தேசம்மாவுக்குத் தெரியும்.

ஆய்வுக்காக அவர் அவள் மணிக்கட்டில் கட்டிவிட்ட பட்டை நாடித்துடிப்பை அளந்து, ஊரிலேயே முதல்தர ரசிகை அவள்தான் என்றது. ஆனால் பேராசிரியர் நிரப்பும் இலவச அனுமதிப் படிவத்தில் முகவரி இல்லாவிட்டால் இன்றைய இறுதியாட்டத்துக்கு அவளை உள்ளே விடமாட்டார்கள்.

“ஏழாம் கேட்டுன்னு எழுது சார்.”

“அதெல்லாம் முகவரி ஆகாதும்மா.”

“நாப்பதாயிரம் பேரு வழி கேக்காம வந்து சேர்றான். உன் வூடு எத்தினி பேருக்குத் தெரியும்? எழுதுற வரிக்கும் நகரமாட்டேன்.”

பேராசிரியர் கோபத்தோடு படிவத்தை மூடிவிட்டு, ஓட்டுநரில்லாக் காரை அழைத்தார். எங்கே வரவேண்டும் என்று கார் கேட்டது.

“ஏழாம் கேட்” என்றார்.

கார் வழி தவறாமல் வந்து நின்றது.