ஆட்ராவின் இலவச சூப்

"நாளையிலேருந்து நான் வரமாட்டேங்க" என்றார் தாடிக்காரர், கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு.

ஆட்ராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்ச்சின் கீழ்த்தளத்தில் அவள் நடத்தும் இலவச சூப் கூடத்துக்கு, இலையுதிர் காலம் தொடங்கியதிலிருந்து வரும் ஒரே ஏழை அவர்தான். அவரும் நின்றுவிட்டால் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். புத்தாண்டுக்குள் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தில், 'சேவை இன்றும் தொடர்கிறது' என்று எழுத முடியாது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், அந்தப் பணக்கார ஊரில் ஏழை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும், கல்லூரியில் இடம் கிடைக்க, விண்ணப்பத்தில் காட்ட ஒரு சமூக சேவை வேண்டும். முதியோர் இல்லத்தில் புத்தகம் படித்துக்காட்டப் போன ஆட்ராவை, காது வலிக்கிறது என்று தாத்தாக்களே விரட்டிவிட்டார்கள். நாய்க் காப்பகத்திலோ, பிள்ளைகள் மாற்றி மாற்றி நடத்திக் கூட்டிப்போனதில் நாய்களுக்குக் கால் வீங்கிவிட்டது. ஆற்றங்கரையில் பொறுக்கக் குப்பையே இல்லாமல், யாரோ முந்தின நாளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து பொறுக்குவதாகக்கூடப் பேச்சு. கடைசியில் அவளுக்கு மிஞ்சியது சூப்தான். அவளுக்குச் சமைக்க வராது என்பதை யாரும் ஒரு தடையாக நினைக்கவில்லை.

முதல் நாள் தாடியும் முழங்கை கிழிந்த கோட்டுமாக அவர் உள்ளே வந்தபோது, யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏழையிடம் அப்படிக் கேட்பது அந்த ஊரில் நாகரிகமில்லை.

இப்போது அவர் வரமாட்டேன் என்றதைக் கேட்டு, ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த ஆட்ராவின் அம்மா லெனோர் கத்தியோடு ஓடிவந்தாள்.

"என்ன தம்பி, வேலை கிடைச்சிடுச்சா?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டாள்.

"வேலையெல்லாம் இல்லீங்க."

"அப்பாடா. பசி இருக்குல்ல?"

"இருக்குங்க."

"அப்புறம் வர்றதுக்கு என்ன?"

இரண்டு கிண்ணமாகக் கொடுப்பதாகச் சொல்லிப் பார்த்தாள். தினமும் காரில் அழைத்து வருவதாகச் சொன்னாள். தன் கணவரின் புதுக் கோட்டைத் தருவதாகச் சொன்னவள், சற்று யோசித்து, அதைப் புத்தாண்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டால் போதும், விண்ணப்பத்தோடு வைக்கும் போட்டோவுக்கு இந்தக் கிழிசல்தான் நன்றாக இருக்கிறது என்றாள். அவர் எதற்கும் மசியவில்லை.

ஆட்ரா அழுதேவிட்டாள். அது விண்ணப்பத்துக்கான அழுகை மட்டுமல்ல. அடிபிடித்த சூப்பை முகம் சுளிக்காமல் அவர் குடிப்பதைப் பார்த்த பிறகுதான், தன்னாலும் ஒருவருக்கு உபயோகம் உண்டு என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

"உங்களைப் பத்திதான் கட்டுரையே எழுதியிருக்கேன், அண்ணே" என்றாள் விசும்பலோடு. "இன்னும் ஒரே ஒரு வாரம் ஏழையா இருந்துட்டுப் போங்களேன்."

தாடிக்காரருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினார்.

"முதல்ல என்னை அண்ணன்னு கூப்பிடாதீங்க. நானும் பன்னிரண்டாவதுதான், பக்கத்து ஊர் ஸ்கூல். நீங்க கேக்கற அதே காலேஜ்லதான் நானும், சீக்கிரமே முடிவு சொல்லிடுற முதல் சுற்றுல கேட்டிருந்தேன். நேத்து சீட் கிடைச்சிடுச்சு."

லெனோரின் கையிலிருந்த கத்தி மேஜையில் விழுந்தது.

"விண்ணப்பத்துல சேவைன்னு கேட்ட இடத்துல, ஆளே வராத கூடத்துல தனியா உக்காந்திருந்த ஒரு பொண்ணுக்குத் துணையா இருந்தேன்னு போட்டேன்" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே. "வாழ்க்கையில பட்ட பெரிய கஷ்டத்தைக் கேட்ட இடத்துல, உங்க சூப்பைப் பத்தி எழுதினேன்."