காந்தக்காரி வர்ற நேரம்

"எழுபது வயசுல புருஷனை விட்டுட்டுப் பக்கத்து வீட்டுல வந்து உட்கார்ந்திருக்கியே, நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

செருப்பைக் கழற்றும் முன்பே அக்கா ஆரம்பித்துவிட்டாள். தலைமையாசிரியை அல்லவா, வீட்டிலும் பிரேயர் மைதானத்துக் குரல்தான். பின்னாலேயே கார் சாவியோடு தம்பி. அம்மாவைச் சமாதானம் செய்து அப்பாவிடம் கொண்டுபோய் விடுவதற்காக இருவரும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அம்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா பாவம்மா. நேத்து நீ கிளம்பினதிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலையாம்" என்றான் தம்பி. "அந்த மனுஷன் அதிர்ந்து பேசிக்கூட நான் கேட்டதில்லை. அப்படி என்னதான் குறை உனக்கு?"

நியாயமான கேள்விதான். அப்பா என்றால் தெருவே எழுந்து நிற்கும். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாகியும் இஸ்திரி போட்ட சட்டை, பெல்ட், வாய் நிறையச் சிரிப்பு. அம்மாதான் அன்றிலிருந்தே சிடுமூஞ்சி.

"எல்லாம் நீங்க கொடுக்கிற இடம் அத்தை!" அக்கா அந்த வீட்டுக்காரியின் மேல் பாய்ந்தாள்.

அத்தை என்றால் சொந்தமில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அவ்வளவுதான் உறவு. சின்ன வயதில் இவர்கள் வைத்த பட்டப்பெயர் 'லவுட்ஸ்பீக்கர் அத்தை'.

அக்கா அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் டிவியில் ஒரு பாட்டு ஆரம்பித்தது.

"டேய்! காந்தக்காரிடா!" என்று கத்தினாள் அக்கா.

"பழைய தொடரையெல்லாம் திரும்பப் போடறாங்க" என்றாள் அத்தை.

தலைமையாசிரியை பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியும்தான். கோபமாவது ஒன்றாவது! காந்தக்காரி கையை நீட்டினால் போதும், எதிரி கையிலிருக்கும் கத்தியோ துப்பாக்கியோ பறந்து வந்து அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் இதே தரையில்தான் இருவரும் கிடப்பார்கள். அப்போது டிவி இருந்த வீடு இது ஒன்றுதான்.

"நீயும் கையை நீட்டிக்கிட்டு என் பென்சிலையெல்லாம் பிடுங்குவியே" என்றான் தம்பி.

"அப்பாதானே நம்மளை அனுப்பி வைப்பாரு? 'நிதானமா பாத்துட்டு வாங்க'ன்னு. எந்த அப்பாடா அந்தக் காலத்துல அப்படிச் சொன்னாரு! இந்த அம்மா ஒரு நாளாவது கூட வந்திருக்காளா? நாம திரும்பிப் போனா, தலைவலின்னு சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டிருப்பா."

அம்மா அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தாள்.

"ஏண்டா, எதிரி கையில பெல்ட் வச்சிருந்தா, அதையும் பிடுங்கிடுவாளா?"

தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பக்கிள் இரும்புதானேம்மா. ஒரே இழுப்பு!"

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள்.

"என்ன அத்தை, சத்தமே இல்லாம வச்சிருக்கீங்க? உங்க ஸ்டைல்ல வைக்கட்டுமா?" அக்கா ரிமோட்டை எடுத்து முழுச் சத்தம் வைத்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அம்மா இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டு சோபாவில் சுருண்டுவிட்டாள்.

அத்தை ஓடி வந்து ரிமோட்டைப் பிடுங்கினாள். "அறிவிருக்காடி? காது கிழியுது!"

"உங்களுக்குத்தான் காது மந்தமாச்சே?"

"யாரு சொன்னா? பக்கத்து வீட்டுல ஸ்பூன் விழுந்தாலும் எனக்குக் கேட்கும். அப்பவும் கேட்கும், இப்பவும் கேட்கும்."

"அப்புறம் ஏன் அந்தக் காலத்துல அவ்வளவு சத்தமா வைப்பீங்க?"

அத்தை அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அம்மா தலையசைத்தாள்.

"போதும்டி. எத்தனை காலம்தான் மூடி வைக்கிறது?" என்றாள் அத்தை. "உங்கப்பா பெல்ட்டால இவளை அடிக்கிற சத்தம் உங்க காதுல விழக்கூடாதுன்னுதான். பசங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு இவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. எனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான்."

தம்பி கையிலிருந்த கார் சாவியைக் கீழே வைத்தான்.

"பொய்!" என்றாள் அக்கா. சொல்லும்போதே அம்மா அவசரமாக முழங்கையை முந்தானைக்குள் இழுப்பதைப் பார்த்துவிட்டாள். கன்றிச் சிவந்த தடிப்பு. புதுசு.

"அந்தத் தொடர் முடிஞ்சு எவ்வளவோ காலமாச்சு" என்றாள் அத்தை. "உங்கப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை இன்னும் முடியலை. நேத்து என்ன கிழமை?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ... நாங்க இங்க உட்கார்ந்து கை தட்டிக்கிட்டு இருந்தோமே!"

காலிங் பெல் அடித்தது. கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் இஸ்திரிச் சட்டை, பெல்ட், வாய் நிறையச் சிரிப்போடு அப்பா.

"அட, காந்தக்காரியா! நீங்க ரெண்டு பேரும் நிதானமா பாத்துட்டு வாங்க. அம்மாவை மட்டும் முதல்ல அனுப்பி வைங்க."

பையை எடுத்துக்கொண்டு அம்மா எழுந்துவிட்டாள், பழக்கதோஷம். தம்பி அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

அக்கா போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கை தெரியக் கையை நீட்டினாள்.

"முதல்ல அந்த பெல்ட்டைக் கழட்டி இப்படிக் கொடுங்கப்பா."