அஞ்சு வரைக்கும்

புதுப்படத்துக்கு இரண்டே நட்சத்திரம் போட்டு, நாளைய பேப்பருக்கு விமர்சனத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறார் சினிமா விமர்சகர். சோபாவில் அந்தப் படத்தின் தயாரிப்பாளர் உட்கார்ந்து, விமர்சகருடைய மகளின் பென்சிலை நிதானமாகச் சீவிக்கொண்டிருக்கிறார். சாயங்கால வெயில் அவர் கையிலிருக்கும் பிளேடில் பட்டுச் சுவரில் துள்ளுகிறது. சுருள் சுருளாகச் சீவல்கள் மடியில் விழுகின்றன. "உங்க சிநேகிதராமே, சொல்லவே இல்லையே?" என்று சிரித்தபடி மனைவி தயாரிப்பாளருக்கு டீயை நீட்டுகிறாள். அவர் காலடியில் மகள் வரிசையாக நட்சத்திரம் வரைகிறாள். "மாமாதான் வரையச் சொன்னாருப்பா." "பாப்பா கெட்டிக்காரி சார். அஞ்சு வரைக்கும் தடுமாறாம எண்ணுறா," என்கிறார் தயாரிப்பாளர், நிமிர்ந்து பார்க்காமலே. "நீங்கதான் ரெண்டோட நின்னுட்டீங்க." பென்சில் எப்போதோ கூராகிவிட்டது. பிளேடு மட்டும் நிற்கவில்லை.