பதினேழாவது குறி

டோபி காட் சலவைத்துறையில் துணி வெளுத்துவந்த சூசையும் அவன் மனைவி ரோசம்மாவும் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி வைத்திருந்தார்கள். கழுத்துப்பட்டியின் உட்புறம் வெளுத்தாலும் போகாத சேங்கொட்டை மையால் வரிசையாக நான்கு அடையாளங்கள். ஒவ்வொன்றும் புள்ளியாக இருக்கும், அல்லது கோடாக இருக்கும். நான்கு இடத்துக்கு இரண்டே விதம் என்றால் பதினாறு குறிகளுக்கு மேல் வராது. அதனால் பதினாறு வீடுகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

1908இல் ஒரு மாலை, துணி பிரித்தபோது பதினேழு குவியல் வந்தது. கடைசிக் குவியலில் ஒரு கைக்குழந்தைச் சட்டை மட்டும் இருந்தது. அதிலும் நான்கே அடையாளங்கள், புள்ளியும் கோடும்தான். ரோசம்மா அதை மற்றப் பதினாறு குறிகளோடும் வைத்துப் பார்த்தாள். எதனோடும் ஒக்கவில்லை.

“தப்பா எண்ணியிருப்ப,” என்றான் சூசை. அவனும் எண்ணிப் பார்த்தான். பதினேழுதான் வந்தது.

பதினாறு வீடுகளிலும் விசாரித்தார்கள். யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை.

“கால்வாய்ல விட்டுடலாம்,” என்றான்.

ரோசம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். முன்பு பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்காததால், இந்த முறை பயந்து ஒரு துணிகூடத் தைக்காமல் இருந்தாள்.

“வேணாங்க, இருக்கட்டும்,” என்று சட்டையை மடித்து வைத்தாள். பிறகு வெள்ளை மல்லுத்துணியைத் தரையில் விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

“என்ன வெட்டுற?”

“ஒண்ணு நனைஞ்சா மாத்திப் போட இன்னொண்ணு வேணும்ல.”