தளபதியின் பெயர்ப்பலகை

அந்த டச்சுத் துறைமுக நகரத்தில், ஒரு கடற்படைத் தளபதியின் பெயர்கொண்ட தெருவில் அருளம்பலம் இருபது வருடமாகக் குடியிருந்தார். முந்நூறு வருடங்களுக்கு முன் அருளம்பலத்தின் ஊரைப் பீரங்கியால் எரித்தவன் அந்தத் தளபதி. நகரசபைக்கு இப்போதுதான் வெட்கம் வந்தது. தெருவுக்கு ஒரு பூவின் பெயரை வைத்தார்கள். எரிந்த ஊர்க்காரர் என்பதால் பழைய பலகையைக் கழற்ற அவரையே ஏணியில் ஏற்றினார்கள். கைதட்டி, மன்னிப்புக் கேட்டு, பலகையை நினைவுப்பரிசாக அவரிடமே கொடுத்தார்கள்.

மறுநாள் காலை அவர் அதைத் தன் வீட்டு வாசலுக்கு மேலே வைத்து ஆணியடித்துக்கொண்டிருந்தார். மனைவி தவமலர் ஓடிவந்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? நேற்றுத்தானே கழட்டினீங்கள். அந்தக் கொலைகாரன்ர பேர் எங்கட வாசல்ல ஏன்?"

அவர் திரும்பாமலே சொன்னார்: "ஊரில எங்கட மகனை ஆமி பிடிச்சுக்கொண்டு போக முதல் நான் அவனுக்கு எழுதி அனுப்பின விலாசம் இதுதான். அவன் திரும்பி வந்தால் பூவின்ர பேரையே தேடுவான்?"

தவமலர் தெருவில் இறங்கி, முனைவரைக்கும் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கோ," என்று கத்தினாள். "இங்கயிருந்து வாசிக்கேலாமல் கிடக்கு."