பிடிச்ச இடம்

“உன் படத்துல எந்த இடம் ரொம்பப் பிடிச்சிருக்கு?” என்று கேட்டார் கல்லூரி ஓவிய வாத்தியார்.

அவள் ஆசையாக மூலையில் இருந்த நீலத்தைக் காட்டினாள். வானமும் இல்லை, கடலும் இல்லை; படாத பாடு பட்டுப் பிடித்த நீலம்.

“அதை அழிச்சிடு.”

“சார்!”

“பிடிச்சதைக் கட்டிக்கிட்டு அழுதா அரூப ஓவியம் வராதும்மா. இரு, உன் வளர்ச்சிக்கு ஒரு சாட்சி வேணுமே.” போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு, வெள்ளை பெயிண்ட் டப்பாவை நீட்டினார்.

வகுப்பில் எல்லோருக்கும் இதே கதைதான். முதுகுக்குப் பின்னால் ‘சுண்ணாம்பு சார்’ என்று திட்டிக்கொண்டே அழித்தார்கள். வருஷக் கடைசியில் அவள் கேன்வாஸில் மிஞ்சியது, தரை துடைத்த தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல்.

“பிரஷ்ஷைத் தொட்டாலே அருவருப்பா இருக்குடி. படிப்பை விட்டுடப் போறேன்,” என்றாள் தோழியிடம்.

“சாரோட கண்காட்சிக்காவது வந்துட்டுப் போ.”

“வரேன். இந்த வெள்ளை டப்பாவை அவர் தலையிலேயே கட்டணும்.”

கண்காட்சியில் கூட்டம் ஒரே படத்தை ஈயாக மொய்த்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தாள்.

சுவர் முழுக்க அவளுடைய நீலம். ஓரத்தில் வழிந்த சொட்டுகூட அப்படியே இருந்தது. கீழே வாத்தியாரின் கையெழுத்து.

“வாம்மா!” வாயெல்லாம் பல்லாக வந்தார் அவர். “இவ என் மாணவி. சொல்லு, எது ரொம்பப் பிடிச்சிருக்கு?”

அவள் நீலத்தைக் காட்டினாள். பையிலிருந்த டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, அவர் கையில் வைத்தாள்.

“அழிச்சிடுங்க சார்.”