வெடுக்கென்று எடுத்த கை

நோயாளிகளைப் பார்க்கப் போக நேரமில்லாதவர்களுக்கு, கோயிலைச் சேர்ந்த தெருக் குழுவான அன்பியத்தில் பதிலாள் கொடுத்தார்கள். மனுச உருவத்தில், கைகால்களோடு, அச்சு அசலாக நம் குரலிலேயே பேசும் இயந்திரம். அண்ணன் மனைவி பிரகாசி மதினியிடம் எமல்டா தினமும் அதைத்தான் அனுப்பிப் புண்ணியம் கட்டிக்கொண்டிருந்தாள். முன்பொரு சண்டையில் மதினி சொன்ன வார்த்தை அவளுக்கு இன்னும் ஆறவில்லை. சர்க்கரையில் பார்வை போய்ப் காலில் ஆறாத புண்ணோடு படுத்த படுக்கையாகக் கிடந்த மதினிக்கு, பதிலாள்கள் இருப்பது தெரியும்; தன்னிடம் வருவது இயந்திரம் என்று தெரியாது.

பெரிய வெள்ளியன்று கோயிலில் ஆண்டவரின் பாடுபட்ட சுரூபத்தின் காயங்களை உதடு பதித்து முத்தி செய்துவிட்டு வந்த எமல்டாவுக்கு மனசு கேட்கவில்லை. தானே போனாள்.

"நான்தான் மதினி" என்று கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டாள். புண்ணின் வாடை குமட்டியது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

பிரகாசி அந்தக் கையைத் தேடிப் பிடித்துத் தடவிப் பார்த்தாள்.

"நீ மெஷின்தானே?" என்றாள். "எமல்டா ஒருநாளும் இப்படிக் கையை எடுக்க மாட்டா. பாவம், அவளுக்கு என்ன சோலியோ, ஒன்ன அனுப்பிட்டா. நாளைக்கு அவளையே வரச் சொல்லு, என்ன?"

"சொல்லுதேன்" என்றாள் எமல்டா.

மறுநாள் காலையில் பதிலாளுக்குத் தன் சேலையை உடுத்திவிட்டு, மதினி கேட்ட எமல்டாவை அனுப்பி வைத்தாள்.